எந்த ஐந்து மணி

டெல் ஒரு மணி நேரம் முன்னதாகவே திரும்பி வந்துவிட்டான்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு டெல்லைத் தெரியாது. அயோவாவில், சோளக்காடுகளுக்கு நடுவே முப்பத்தொரு வருஷம் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் அவன். அவன் வண்டி வாசல் பெட்டியருகே வந்து நிற்கும் நேரத்தை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட வீடுகள் உண்டு. பனிப்புயல் அடித்த நாட்களில் கொஞ்சம் பிந்தியிருக்கிறான். முந்தியது ஒரு நாளும் கிடையாது. சீக்கிரம் வந்து நிற்பதும் தாமதமாக வருவதும் அவனுக்கு ஒரே குற்றம்தான். முப்பத்துநான்கு வருஷத் தாம்பத்தியத்தில் லுவான் தன் புருஷனிடம் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது இந்த ஒன்றைத்தான்.

அதனால், லாஸ்ட் மியூல் முனையில் நிறுத்தியிருந்த வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தவள், பாறைகளுக்கு நடுவிலிருந்து அவன் தொப்பி மேலே எழுவதைப் பார்த்ததும் சந்தோஷப்படவில்லை. வண்டிக் கடிகாரத்தைத்தான் பார்த்தாள். நான்கு ஆகியிருந்தது. அவன் சொல்லிவிட்டுப் போனது ஐந்து.

மணியைப் பற்றி அன்று காலையிலிருந்தே தகராறு. தகராறு என்றால் லுவான் பக்கத்திலிருந்து மட்டும்தான்; டெல் எந்தத் தகராறிலும் கலந்துகொள்பவன் இல்லை. கோடையில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இது ஒரு தொல்லை. நவஹோ பழங்குடியினரின் நிலத்துக்குள் நுழைந்தால் மணி ஒன்று கூடிவிடும், வெளியே அரிசோனாவுக்கு வந்தால் ஒன்று குறைந்துவிடும், சாலையோ உள்ளேயும் வெளியேயுமாக வளைந்து வளைந்து போகும். லுவானின் போன் எல்லை தாண்டும்போதெல்லாம் தானாகவே மணியை மாற்றிக்கொண்டது. டெல் வண்டியிலும் கைக்கடிகாரத்திலும் அரிசோனா மணியை வைத்தான். இனி தொடமாட்டேன் என்றான். தொடவில்லை.

லாஸ்ட் மியூல் முனை சரியாக அந்த எல்லைக் கோட்டின் மேலேயே இருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து பதினைந்து மைல் மண் சாலை. கடைசியில் ஒரு பலகை, காய்ந்த ஜூனிப்பர் மரம் ஒன்று, அதற்கப்பால் பூமி திடீரென்று முடிந்து ஒரு பெரிய சிவந்த பள்ளம். விளிம்பை ஒட்டி மூன்று மைல் வட்டப் பாதை. வேறு ஒரு வண்டிகூட அங்கே இல்லை. லுவானுக்கு முட்டி வலி. நடக்க முடியாது.

"நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்," என்றாள் அவள். இல்லை, நானும் உன்கூடவே இருக்கிறேன் என்று அவன் சொல்வானோ என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள்.

அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டான். "அஞ்சு மணிக்கு வந்துடுவேன்."

"எந்த அஞ்சு? உன் அஞ்சா, என் போன்ல இருக்கிற அஞ்சா?"

"அஞ்சு ஒண்ணுதான், லு."

போவதற்கு முன் அவளைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தான். அது வழக்கம். அவன் எடுப்பான், அவள் நிற்பாள். வீட்டில் பதினொரு ஆல்பங்கள் இருக்கின்றன. நயாகராவில் லுவான், அதிபர்களின் கல் தலைகளுக்குக் கீழே லுவான், ஏதோ ஒரு ஊரில் உலகத்திலேயே பெரிய சோளக்கதிர் பொம்மைக்கு அடியில் லுவான். தெரியாத ஒருத்தர் அந்த ஆல்பங்களைப் புரட்டினால், பாவம், யாருமில்லாத பொம்பளை போலிருக்கிறது, ஊர் ஊராகத் தனியாகச் சுற்றியிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் பெரிய தப்பும் இல்லை.

அவளுடைய அக்கா மார்வா ஏரிக்கரை ஊரான டுலூத்தில் இருக்கிறாள். மாடி அறை காலியாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வா என்று எழுதியிருந்தாள். லுவான் அந்தக் கடிதத்தை டெல்லிடம் காட்டவில்லை. இந்தப் பயணம் முடியட்டும் என்று வைத்திருந்தாள். பத்து நாள், மூவாயிரம் மைல், ஒரே வண்டிக்குள் இரண்டு பேர். இதிலும் அவன் வாயைத் திறக்காவிட்டால் ஊர் திரும்பியதும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். இன்று எட்டாவது நாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஊர் பேர் தெரியாதவர்களிடம் அவன் நன்றாகத்தான் இருந்தான். எதிரே எந்த வண்டி வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு அங்குலம் தூக்கி இறக்குவான். அவர்கள் பக்கத்து மண் சாலைகளில் எல்லாரும் அப்படித்தான் வணக்கம் சொல்வார்கள். டெல் அதை எட்டு மாநிலங்கள் தாண்டியும் விடவில்லை. முப்பத்துநான்கு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அவன் அவளை வண்டி ஓட்ட விட்டிருக்கிறான், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது. அன்றைக்கும், மயக்கம் முழுசாகத் தெளியாமல் பக்கத்து இருக்கையில் சாய்ந்து கிடந்தவனின் விரல், எதிரே வந்த பால் லாரிக்காகத் தொடைமேல் எழுந்து இறங்கியது.

அன்று காலைகூட அவள் கேட்டாள். "முன்னே பின்னே தெரியாதவனுக்கெல்லாம் விரல் தூக்குறே. கட்டினவளுக்கு ஒரு குட்மார்னிங் கிடையாதா?"

டெல் ஒரு மைல் தூரம் யோசித்தான். "நீ எதிர்ல வர்றதில்லையே, லு," என்றான்.

அது நகைச்சுவையா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

அவன் பாறைக்குப் பின்னால் மறைந்த பிறகு லுவான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குளிர்காற்றைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். பிறகு எஞ்சினை அணைத்தாள். அணைத்ததும் வந்த அமைதியை அவள் எதிர்பார்க்கவில்லை. சூடான இரும்பு டிக் டிக்கென்று ஆறும் சத்தம், பின்னால் ஐஸ் பெட்டிக்குள் கட்டிகள் கரைந்து சரியும் சத்தம், அதுவும் நின்றபின் தன் காதுக்குள் தன் ரத்தமே ஓடுகிற சத்தம். வெயிலில் வெந்த ரெக்சின் வாசமும், காலையில் பிரித்த முட்டை சாண்ட்விச்சின் வாசமும், ஜூனிப்பரின் கசந்த வாசமும் ஒன்றாகக் கலந்து வண்டிக்குள் நின்றன. ஒரு காகம் பலகை மேல் உட்கார்ந்து அவளையே பார்த்தது. ஊரில் அவர்கள் சமையலறையும் சாயங்காலங்களில் இப்படித்தான் இருக்கும். இங்கே அதைவிட வெளிச்சம் அதிகம், அவ்வளவுதான்.

கண்ணில் நீர் முட்டியது. கோபமும் வந்தது. அவன் போன திசையைப் பார்த்து, முன் கண்ணாடியிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"போனதுதான் போனே. வேற ஆளா திரும்பி வாயேன்."

சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். எதிரே மஞ்சள் உறை போட்ட பெட்டியிலிருந்து உருவிய டிஷ்யூவை மடித்துப் பைக்குள் வைத்தாள். அதன் பிறகுதான் பள்ளத்திலிருந்து எதிரொலி வந்தது. வாயேன்.

காகம் பறந்துவிட்டது. கண்ணாடிகளெல்லாம் ஏற்றித்தானே இருந்தன என்ற யோசனை அவளுக்கு அப்போது வரவில்லை.

*

இப்போது அவன் வண்டியை நோக்கி வந்துகொண்டிருந்தான். அதே காக்கித் தொப்பி, அதே கட்டம் போட்ட சட்டை, இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நடக்கும் அதே நடை. வட்டப் பாதையின் இரண்டு முனையும் பலகைக்கு வலது பக்கம்தான் இருந்தன. அவன் வந்தது இடது பக்கத்திலிருந்து.

டெல் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போகவில்லை. அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"நீ ஓட்டு, லு."

"என்னது?"

"நீ ஓட்டேன். நான் உன்னைப் பாத்துக்கிட்டே வர்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வெயில் தலைக்கு ஏறிடுச்சா? மணி நாலுதான் ஆகுது. அஞ்சுன்னு சொல்லிட்டுல்ல போனே?"

அவன் கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினான். ஐந்து. "உன் அஞ்சு," என்றான்.

போனைப் பார்த்தாள். அதிலும் ஐந்து.

தொடமாட்டேன் என்றவன் தொட்டிருக்கிறான். முள்ளைத் திருகி அவள் மணிக்கு வைத்திருக்கிறான். சின்ன விஷயம்தான். ஆனால் டெல் போன்ற ஒருவனோடு வாழ்ந்தவளுக்கு அது வைர மோதிரம். லுவானின் நெஞ்சுக்குள் எத்தனையோ வருஷமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று சட்டென்று தளர்ந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தாள், எஞ்சினைக் கிளப்பினாள்.

சாலை மோசம். குழிகளும் மணலுமாக இருந்தது. மணிக்குப் பதினைந்து மைலுக்கு மேல் போக முடியவில்லை. இரண்டு பக்கமும் சாம்பல் பூத்த புதர்கள், அதற்கப்பால் சிவப்பு மண், அதற்கப்பால் ஒன்றுமில்லை. அவன் வழியைப் பார்க்கவில்லை. சொன்னபடியே அவளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"முட்டி வலிக்குதா?"

"பரவாயில்லை."

"பரவாயில்லைன்னா வலிக்குதுன்னு அர்த்தம். எத்தனை நாளா?"

"மூணு வருஷமா," என்றாள்.

அவன் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். உலர்ந்த, கதகதப்பான கை. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நடந்த கையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. டெல்லிடம் எப்போதும் ஒரு வாசம் உண்டு, தபால் உறைப் பசையும் சவரச் சோப்பும் சூரியகாந்தி விதையும் கலந்த வாசம். ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. இப்போது அவன் பக்கத்திலிருந்து வெயிலில் காய்ந்த கல்லின் வாசம் மட்டும் வந்தது. பாறைகளுக்கு நடுவில் நடந்துவிட்டு வந்திருக்கிறான், வேறெப்படி இருக்கும் என்று அவள் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

அவன் கேட்டுக்கொண்டே வந்தான். அவளும் சொன்னாள். மகள் ரோண்டா கல்யாணமாகி வீட்டைவிட்டுப் போன அந்த வாரத்தில் அவளுடைய அறைக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டு அழுததைச் சொன்னாள். தன் அம்மா செத்தபோது புதைத்த மறுநாளே அவன் தபால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனதை, அது அவனுக்குத் தெரியாதது போலச் சொன்னாள். அவன் "அடடா" என்றான். "அப்புறம்?" என்றான். இந்த அப்புறத்துக்காக அவள் முப்பத்துநான்கு வருஷம் காத்திருந்தாள்.

குழியில் வண்டி குதித்தது. அவன் காலடியில் தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து நின்றது. கழுத்து வரை தண்ணீர் நிறைந்திருந்தது. மூடியின் முத்திரை உடையவில்லை.

ஐந்தாவது மைலில் எதிரே ஒரு பிக்கப் வந்தது. ஆட்டுத் தீவனக் கட்டுகள் ஏற்றிய பழைய வண்டி. கறுப்புத் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் ஓட்டி வந்தார். வண்டிகள் ஒன்றையொன்று தாண்டும்போது அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். லுவான் பழக்கத்தில் பக்கத்தில் இருந்தவனின் கையைப் பார்த்தாள்.

அது தொடைமேல் அசையாமல் கிடந்தது.

"அவர் ஏன் விரலைத் தூக்கினாரு?" என்று அவன் கேட்டான்.

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை காத்திருப்பதுபோல.

"என்ன விளையாடுறியா? எதிர்ல வர்றவங்களுக்குத் தூக்குறது. இப்படி." அவள் தூக்கிக் காட்டினாள்.

அவன் தன் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தான். நான்கு விரல்களைத் தூக்கினான். பிறகு இரண்டு. பிறகு ஒன்று. "இப்படியா?"

"அப்படித்தான்," என்றாள் லுவான்.

அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

வண்டிக் கடிகாரத்தில் நான்கரை. டெல் ஐந்துக்கு வருவான். டெல்லின் ஐந்துக்கு. ஒரு பாட்டில் தண்ணீர்தான் கொண்டுபோயிருக்கிறான், அது இந்நேரம் தீர்ந்திருக்கும். பலகைக்குப் பக்கத்தில் வண்டி இருக்காது. நிழல் என்று சொல்ல அந்தக் காய்ந்த மரம் ஒன்றுதான். அவனிடம் போன் கிடையாது. யாரிடம் பேசப் போகிறேன் என்பான். இப்போது திருப்பினால் நான்கே ஐம்பதுக்குப் போய்விடலாம். அவனுக்கு முன்னால் போய் நின்றுவிடலாம்.

"அம்மா கதையைப் பாதியில விட்டுட்டியே," என்றது பக்கத்தில் இருந்த குரல். "புதைச்ச மறுநாள் நான் கிளம்பிப் போயிட்டேன். நீ அன்னிக்குப் பகல் பூரா என்ன பண்ணினே?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

கேட்டதில்லை. அதனால் சொன்னாள். அம்மாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்ததைச் சொன்னாள். மதியம் சாப்பிடாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். முதுகு ஈரமாகி இருக்கையில் ஒட்டியது. ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்தது கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கிறார்கள் என்பது எவ்வளவு ருசி. தெரிந்தே, டெல்லை வெயிலில் விட்டுவிட்டு, லுவான் இன்னும் ஐந்து மைல் ஓட்டினாள்.

"டுலூத்ல அந்த மாடி ரூம்," என்றது அது. "ஜன்னல் ஏரிப் பக்கமா, தெருப் பக்கமா?"

அந்தக் கடிதத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் வேற ஆளா வந்திருக்கேனா, லு?"

பிரேக்கை மிதித்தாள். தூசி முன்னால் போய் விழுந்தது.

"திரும்பிப் போறோமா?" என்று கேட்டது. கோபமே இல்லை.

"ஆமா."

"சரி. உன் இஷ்டம்." பெல்ட்டைச் சரியாகப் போட்டுக்கொண்டது.

*

கடிகாரத்தில் நான்கு ஐம்பது. பத்து மைல். இருபது மைல் வேகத்தில் ஓட்டினாள். இருபத்தைந்து. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது, முட்டி தெறித்தது, பின்னால் ஐஸ் பெட்டி கவிழ்ந்து தண்ணீர் ஓடியது. பக்கத்தில் பார்க்கவே கூடாது. சாலையை மட்டும் பார். சூரியன் எதிரே. கண் கூசியது. ஓரக்கண்ணில் அந்த முகம் மட்டும் அவள் பக்கம் திரும்பியபடியே இருந்தது.

"டெல்," என்றாள். "டெல், டெல், டெல்."

"சொல்லு," என்றது அது.

நான்கு ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

ஐந்து.

அவன் வந்திருப்பான். சரியாக வந்திருப்பான். வெறும் தரையைப் பார்த்து நின்றுகொண்டிருப்பான். கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். நான்தான் தப்பு என்று நினைக்கமாட்டான். இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைப்பான். தேடுவான். வாய் பேசாதவன், அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். "மன்னிச்சுக்கோ," என்றாள். "இதோ வந்துட்டேன். அங்கேயே இரு. வந்துட்டேன்."

மூன்று மைல் இருக்கும்போது எதிரே தூசி எழுந்தது.

ஒரு வண்டி. அங்கே வேறு வண்டியே இல்லையே. அந்தக் கிழவரோ வேறு யாரோ அவனை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். கடவுளே, நன்றி. யாரோ நல்லவர்கள். வேகத்தைக் குறைத்தாள். தூசிக்குள்ளிருந்து முதலில் விளக்குகள் தெரிந்தன. இடது விளக்கு உடைந்திருந்தது. போன இலையுதிர் காலத்தில் அவர்கள் வண்டியில் மான் மோதி உடைந்த விளக்கு. பழுப்பு நிற வேன். அயோவா நம்பர். கண்ணாடிக்குப் பின்னால், ரோண்டா பின்னிக் கொடுத்த மஞ்சள் உறை போட்ட டிஷ்யூப் பெட்டி.

அதே பெட்டி லுவானின் கைக்கு முன்னால் இங்கேயும் இருந்தது.

சாலை குறுகல். இரண்டு வண்டிகளும் கையெட்டும் தூரத்தில் ஒன்றையொன்று தாண்டின. டெல் ஓட்டிக்கொண்டிருந்தான். அவளுடைய டெல். வெயிலில் கழுத்து சிவந்து, தொப்பியைக் கழற்றி, முடி நனைந்து நெற்றியில் ஒட்டி, சட்டையெல்லாம் வியர்வையாக. சிரித்துக்கொண்டிருந்தான். தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரிய. அவன் பக்கத்தில் பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு பொம்பளை, லுவானின் கறுப்புக் கண்ணாடியோடு, அவன் தோளில் கை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் மூடவே இல்லை.

லுவான் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். பச்சைத் தலைத்துணி.

"டெல்!"

கண்ணாடி ஏற்றியிருந்தது. அவன் பார்த்தான். நேராக அவள் முகத்தைப் பார்த்தான். எதிரில் வருகிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஆள்காட்டி விரல் மட்டும் ஒரு அங்குலம் எழுந்தது. இறங்கியது.

போய்விட்டான்.

ஹாரனை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். வண்டியைத் திருப்பினாள். பாதி திரும்பியது. பின்னால் எடுத்தாள். மறுபடி திருப்பினாள். ஓரத்து மணலில் சக்கரம் இறங்கியது. எஞ்சின் அலறியது, மணல் தெறித்தது, வண்டி இன்னும் ஒரு சாண் புதைந்தது. நின்றுவிட்டது.

தூசி அடங்கியது. சாலை காலியாக இருந்தது. வெயில் குறையவே இல்லை.

மடியில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. எங்கிருந்தோ ஒரு கோடு சிக்னல். எடுத்துப் பார்த்தாள். ரோண்டாவுக்கு ஒரு படம் போயிருந்தது, லுவானின் போனிலிருந்தே, ஐந்து மணி நான்கு நிமிஷத்துக்கு. லாஸ்ட் மியூல் முனை. பலகை. பலகைக்கு ஒரு பக்கம் டெல், மறுபக்கம் அவள். இரண்டு பேரும் கை கோத்து, தலையிலிருந்து கால் வரை முழுசாக, கொஞ்சம் தள்ளி நின்று யாரோ எடுத்த படம். பதினொரு ஆல்பத்திலும் இல்லாத படம்.

கீழே ரோண்டாவின் பதில் இருந்தது.

"அம்மா!! அப்பா சிரிக்கிறாரே! என்ன மந்திரம் போட்டே? ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிற படம் இப்பத்தான் பாக்குறேன். ஆமா, யாரு எடுத்துக் குடுத்தாங்க?"

பதில் எழுத விரல் வைத்தாள். சிக்னல் போய்விட்டது. கையிலேயே போனின் மணி மாறியது. ஐந்தே கால் ஆறே கால் ஆயிற்று. பிறகு ஐந்தே கால். பிறகு ஆறே கால்.

யாரும் தேடமாட்டார்கள். ரோண்டா தேடமாட்டாள், மார்வா தேடமாட்டாள். டெல் தேடமாட்டான். அவனுக்கு ஒன்றும் தொலைந்துபோகவில்லை.

கதவுப் பிடியில் கை வைத்தாள். திறந்து எங்கே போவது? கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றது பக்கத்தில்.

அவள் திரும்பவில்லை. ரொம்ப நேரம் திரும்பவில்லை. கல் வாசம் வண்டி முழுக்க நிறைந்தது. அவள் மூச்சு ஒன்றுதான் கேட்டது. ஒன்றே ஒன்று.

கடைசியில் திரும்பினாள்.

அது இருக்கையில் முழுசாக அவளுக்கு எதிராகத் திரும்பி உட்கார்ந்திருந்தது. டெல்லின் முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணிமைக்காமல், அன்பாக அவளைப் பார்த்தது. ஒரு கையைத் தூக்கி இருவருக்கும் நடுவில் கொண்டுவந்தது. நான்கு விரல். இரண்டு. ஒன்று.

"இப்படித்தானே, லு?"

அந்த விரல் இறங்கவே இல்லை.